கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் உதவி: கவுன்சிலின் ஆறு வார ரீஏபிள்மென்ட் சேவை பற்றி

முதல் நாள் காலை ஏழரை மணிக்கு வந்த பராமரிப்புப் பணியாளர், குசினிக் கதவோரம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து, பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பியிருந்த என் அம்மா, எழுபத்தெட்டு வயதில், ஒரு கையால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கேத்திலைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கேத்தில் எழும்பவில்லை. பணியாளரும் அசையவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "இவவுக்குச் சம்பளம் குடுக்கிறது சும்மா நிண்டு பாக்கிறதுக்கோ?" என்று கேட்டார். வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்ற எனக்கும் அதே கோபம்தான் இருந்தது. அந்த ஆறு வாரத்தையும், அதற்குப் பிறகு வந்த நான்கு மாதத்தையும் பார்த்து முடித்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இப்போது கேட்டால், இந்தச் சேவையில் செய்வதற்கு மிகவும் கடினமான வேலை அப்படி நிற்பதுதான் என்று சொல்வேன்.

இங்கிலாந்தில் வயதுவந்தோருக்கான சமூகப் பராமரிப்பு உள்ளூர்க் கவுன்சில்களின் பொறுப்பு. ரீஏபிள்மென்ட் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் குறுகியகால மீள்பயிற்சி, நோயோ விபத்தோ வந்து முடங்கியவர் தன் அன்றாட வேலைகளைத் தானே திரும்பச் செய்யப் பழகுவதற்கானது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, இதற்கு முதல் ஆறு வாரம் வரை கட்டணம் அறவிட முடியாது. வருமானமும் சேமிப்பும் பார்க்கப்படுவதில்லை. குளியலறைக் கைப்பிடி, உயர்த்திய கழிவறை இருக்கை போன்ற, 1,000 பவுணுக்கு மேற்படாத உபகரணங்களும் சிறு மாற்றங்களும்கூட இலவசமாகவே கிடைக்க வேண்டும். இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களிடையே "கவுன்சில்காரர் வந்தால் வீட்டில் கைவைத்துவிடுவார்கள்" என்ற பயம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் அம்மாவின் தோழி ஒருவர் வைத்தியசாலையிலேயே இந்த உதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, தன்னைப் பார்ப்பதற்காக மகள் வேலையை விடும்படி செய்துவிட்டார். ஆறு வாரத்துக்குப் பிறகும் வீட்டிலேயே பராமரிப்புப் பெறுபவருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டின் பெறுமதி கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுக் கட்டணம், 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடாமல் வருமானத்தை மட்டும் பார்ப்பது என்பதுதான் வரம்பு. 2010 முதல் அந்த எண்கள் நகரவேயில்லை என்பது தனியே அழவேண்டிய விஷயம்.

எங்கள் கவுன்சிலின் குழுவில் அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர், இயன்மருத்துவர் ஒருவர், மூத்த பணியாளர்கள் இருவர், வீடுவீடாகச் செல்லும் பணியாளர்கள் பலர் இருந்தார்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு நான்கு தடவை வந்தார்கள். அது மூன்றாகி, இரண்டாகி, ஐந்தாம் வாரத்தில் காலை ஒரு தடவை என்று சுருங்கியது. வழக்கமான வீட்டுப் பராமரிப்பில் வருகை குறைந்தால் சண்டை பிடிப்போம். இங்கே குறைவது முன்னேற்றத்தின் அடையாளம் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

வைத்தியசாலையிலிருந்து அம்மாவோடு வந்த தாளில் இலக்கு என்ற இடத்தில், ஒருவரின் மேற்பார்வையில் உடலின் மேற்பகுதியைக் கழுவி உடுத்திக்கொள்ளுதல் என்று எழுதியிருந்தது. மூன்றாம் நாள் வந்த சிகிச்சையாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு தொலைபேசியை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். நான் பக்கத்திலேயே இருக்கிறேன், இரண்டு மொழியும் தெரியும், இது எதற்கு வீண் செலவு என்று கேட்டேன். அவர் மிகவும் மரியாதையாக, தேத்தண்ணி போட்டுத் தர முடியுமா என்று கேட்டு என்னைக் குசினிக்கு அனுப்பிவிட்டார். கதவு மூடியிருக்கவில்லை என்பதால் கேட்டது. மகளோ மகனோ தன்னைக் குளிக்கவார்ப்பது தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றார் அம்மா. இரவில் எழும்பிக் கழிவறைக்குப் போகப் பயம் என்பதால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். வீட்டில் எல்லோரும் எழும்புவதற்கு முன் தன் கையால் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, மேல்மாடிச் சாமியறைக்கு ஏறிப்போக வேண்டும் என்றார். இந்த மூன்றில் ஒன்றைக்கூட என் வாய்வழியாக அவர் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டார் இருந்தாலும் மொழிபெயர்ப்பாளரையே அழைக்க வேண்டும் என்ற விதி மேலிடத்திலிருந்து வந்ததா என்று பின்னொரு நாள் அந்தச் சிகிச்சையாளரிடம் கேட்டேன். இல்லை என்றார். முந்தைய ஆண்டில் தாங்கள் முடித்த கோப்புகளைக் குழுவாக உட்கார்ந்து வாசித்தபோது, வீட்டார் மொழிபெயர்த்த இடங்களில் எல்லாம் இலக்குகள் வீட்டாரின் இலக்குகளாகவே இருந்ததைக் கண்டார்களாம்: விழக்கூடாது, தனியே படியேறக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது. சம்பந்தப்பட்டவரின் விருப்பம் அந்தக் கூடாதுகளுக்கு அடியில் காணாமல் போயிருந்தது. இலக்குகளை உரியவரோடு பேசியே வகுக்க வேண்டும் என்று, மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி சொல்வது அவர்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் பகுதியில் அது எங்கே தவறிப்போகிறது என்பதுதான் கோப்புகளை விரித்தபோது தெரிந்திருக்கிறது. நான் இந்தச் சேவைக்கு அதிக மதிப்பெண் கொடுப்பது இந்த ஒரு செயலுக்காக.

சான்று என்ற சொல்லை இத்துறையில் எல்லோரும் எளிதாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், அந்தச் சான்று எவ்வளவு உறுதியானது என்பதையும் கொஞ்சம் தேடிப் படித்தேன். வீட்டுப் பராமரிப்புக்குப் பரிசீலிக்கப்படுபவர் பயனடையக்கூடியவராக இருந்தால் முதலில் ரீஏபிள்மென்ட் கொடுங்கள் என்று 2017 செப்டம்பரில் வந்த நைஸ் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, இச்சேவையைப் பெற்றவர்களுக்குப் பின்னாளில் சமூகப் பராமரிப்புத் தேவை கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது. ஆனால் சேவையை நடத்தும் செலவு அந்த மிச்சத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்றும் சொன்னது. பல ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் மீளாய்வு 2016இல் வந்தது; அது இன்னும் கறாரானது: தகுதி பெற்றவை மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நோர்வேயிலும் நடந்த இரண்டே இரண்டு ஆய்வுகள், மொத்தம் 811 பேர், சான்றின் தரம் மிகக் குறைவு. பயன் இல்லை என்று அது சொல்லவில்லை. நிச்சயமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இதைப் படித்தபோது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், வெளியிலிருந்து வரும் சான்று இந்த அளவுதான் என்னும்போது ஒவ்வொரு ஊரிலும் வேலை செய்யும் குழு தன் கணக்கைத் தானே எழுதிப் பார்த்துத் திருத்திக்கொள்வதை விட்டால் வேறு வழியில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் தலைமையில், பொருளாதார சமூக ஆய்வுக் கவுன்சிலும் ஹெல்த் பவுண்டேஷனும் தரும் பணத்தில், 2021 முதல் இயங்கும் இம்பாக்ட் என்ற மையம் பிரித்தானியாவின் நான்கு நாடுகளிலும் செய்ய முயல்வதும் ஏறத்தாழ இதைத்தான். அங்கே சான்று என்ற சொல்லுக்குள் ஆய்வுக் கட்டுரைகளோடு பராமரிப்பைப் பெறுபவர்களின் அனுபவமும் பணியாளர்களின் கைப்பழக்கமும் சேர்க்கப்படுகின்றன. என் அம்மாவின் நான்கு மணித் தண்ணீர்க் கணக்கு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வந்திருக்காது.

கேத்திலுக்குத் திரும்புகிறேன். இரண்டாம் நாள் பணியாளர், கேத்திலைக் கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நான்காம் நாள், கேத்திலைத் தூக்காமல் சரித்து ஊற்ற உதவும் கம்பித் தாங்கி ஒன்று வந்தது. ஏழாம் நாள், சாய்வான இருக்கை கொண்ட உயரமான கதிரை வந்தது. அரைவாசி நின்றபடி அரைவாசி இருந்தபடி வேலை செய்ய அது தோது. சீனிப் போத்தலும் தேயிலை டின்னும் மேல் அலுமாரியிலிருந்து அடுப்படி மேசைக்கு இறங்கின. எல்லாம் சரிவந்த பிறகு புதிய சிக்கல் முளைத்தது: வோக்கரை இரண்டு கையாலும் பிடித்தால் கோப்பையை யார் பிடிப்பது? அம்மா கோப்பையை வோக்கரில் தொங்கிய துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கப் பார்த்து, பையும் காலும் நனைந்தது. பணியாளர் அன்றும் ஓடிவந்து பிடுங்கவில்லை, கால் சுடவில்லை என்று பார்த்துவிட்டு, "அடுத்த முறை எப்படிச் செய்யலாம்?" என்று தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். தேத்தண்ணியை ஏன் கொண்டுபோக வேண்டும், இங்கேயே இருந்து குடித்தால் என்ன என்று அம்மாவே சொன்னார். உயரக் கதிரை இருக்கிறதே. கோப்பையை வைத்து வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டிக்குப் போட்ட விண்ணப்பம் அன்றே நீக்கப்பட்டது. கவுன்சிலுக்கு ஒரு தள்ளுவண்டி மிச்சம்.

படிக்கட்டு வேறு கதை. இயன்மருத்துவர் தரையில் மூன்று மீற்றர் அளந்து ஒட்டுநாடா ஒட்டி, கதிரையிலிருந்து எழுந்து அந்தக் கோடு வரை நடந்து திரும்பி வந்து இருக்க எத்தனை விநாடி எடுக்கிறது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்தார். அது உலகெங்கும் பயன்படும் எளிய சோதனை. அம்மாவுக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு வைராக்கியமே வந்துவிட்டது. வியாழக்கிழமை இரவே ஒத்திகை பார்ப்பார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுள்ள கால் முதலில் என்பதை மறக்காதிருக்க அவர் தனக்கென ஒரு வரி கட்டி முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். ஐந்தாம் வாரம் மேல்மாடிக்குப் போய்ச் சாமிப்படங்களைத் துடைத்தார். நாங்கள் துடைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது படங்களைத் துடைத்த விதத்தில் தெரிந்தது.

குறைகள் உண்டு. சனி ஞாயிறுகளில் வந்தவர்கள் வேறு பணிப்பட்டியலைச் சேர்ந்தவர்கள்; அவர்களில் இருவர் பின்னால் கைகட்டி நிற்கும் வித்தையை அறியாமல், வந்தவுடன் அம்மாவை இருத்திவிட்டுத் தேத்தண்ணியைத் தாங்களே போட்டுக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அவர்களைத்தான் பிடித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை எப்போதும் ஒரு படி பின்தங்கியே தொடங்கும். தொலைபேசி மொழிபெயர்ப்பில் ஒருமுறை வந்தவருக்கு எங்கள் பேச்சுவழக்கு பிடிபடாமல், அம்மா சொன்ன "உளைவு" மனக்கவலை ஆகிவிட்டது. கால் உளைவுக்கு மன ஆறுதல் கிடைத்தது.

இவை சிறியவை. பெரிய குறை ஆறாம் வாரத்தின் கடைசி நாளில் இருந்தது. குளிப்பதற்கு மட்டும் அம்மாவுக்குத் தொடர்ந்து உதவி தேவை என்று மதிப்பீடு செய்து, கவுன்சில் அதை ஒரு தனியார் பராமரிப்பு முகவரகத்திடம் ஒப்படைத்தது. வெள்ளிக்கிழமை ரீஏபிள்மென்ட் குழு விடைபெற்றது. சனிக்கிழமை புதிய முகம் வந்தது. கையில் தொலைபேசி, அதில் எங்கள் முகவரி, பதினைந்து நிமிடம் என்ற குறிப்பு, அதற்குமேல் ஒன்றுமில்லை. கேத்தில் தாங்கி எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. உயரக் கதிரையை வழியை மறிக்கிறது என்று கூடத்துக்கு நகர்த்திவைத்தார். முதல் மாதத்தில் ஒன்பது வெவ்வேறு பேர் வந்தார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பஸ்ஸில் போகும் நேரம் சம்பளத்தில் சரியாகச் சேருமா என்ற கவலையோடு ஓடுபவரிடம், கைகட்டி நிற்கப் பொறுமை எங்கிருந்து வரும்? உதவி செய்து முடித்துவிட்டு ஓடுவதே அவருக்கு வேகமான வழி. மூன்றே வாரத்தில் அம்மா காலைத் தேத்தண்ணியைக் கட்டிலில் இருந்தபடி எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தார்.

2015இல் வந்த நைஸின் வீட்டுப் பராமரிப்பு வழிகாட்டி, அரை மணிக்குக் குறைந்த வருகையைச் சில நிபந்தனைகளோடுதான் ஏற்கிறது: வருபவர் ஏற்கெனவே அறிமுகமானவராக இருக்க வேண்டும், அது பெரியதொரு பராமரிப்புத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், குறித்த வேலைக்கு அந்த நேரம் போதுமானதாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த மூன்றும் தவறின. இதைக் கவுன்சிலுக்கு எழுதி அனுப்பியபோது, வழிகாட்டிகள் சட்டம் ஆகாது, உள்ளூர் வளங்களையும் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. அது உண்மைதான். ஆனால் பதில் எழுதியவர்கள் அதோடு நிற்காமல், பராமரிப்பைப் பெறுபவர்களும் வீட்டாரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவினரோடு கூடும் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள்.

நூலக மாடியில் பதினான்கு பேர் கூடினோம். முகவரகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளரும் வந்திருந்தார். நான் கோபத்தோடு போயிருந்தேன்; ஆனால் பேச்சு என் கோபத்துக்கு வெளியே போய்விட்டது. சக்கர நாற்காலியில் வந்திருந்த ஓர் ஐயா, தனக்கும் ஒப்படைப்புக்குப் பிறகு இதே சரிவு நடந்ததாகவும், பழைய பணியாளர் ஒருவர் புதியவரோடு ஒரே ஒருநாள் வந்திருந்தால் போதும் என்றும் சொன்னார். மேற்பார்வையாளர், தங்களுக்கு வரும் ஒப்படைப்புத் தாளில் நோயும் மருந்தும்தான் இருக்கின்றன, இவர் எதைத் தானே செய்வார் என்பது ஒரு வரியும் இல்லை என்று எடுத்துக் காட்டினார். தாள் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு மாற்றங்களைத் தீர்மானித்தார்கள்: அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரு பகுதியில் மட்டும், கடைசி வருகையைப் பழையவரும் புதியவரும் சேர்ந்து செய்வது, தாளின் தலைப்பில் "இவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்" என்று ஒரு கட்டம் சேர்ப்பது. முதலில் ஒரு பகுதியில் மட்டும் ஏன் என்று கேட்டதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க மற்றப் பகுதி வேண்டுமே என்றார் சிகிச்சையாளர். எங்கள் தெரு அந்த மற்றப் பகுதியில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் காரணம் விளங்கியது.

பராமரிப்புத் தரத்தைக் கண்காணிக்கும் சி.கியூ.சி. ஆணையம் தனிப்பட்ட சேவைகளோடு கவுன்சில்களையும் மதிப்பிட வேண்டும் என்ற கடமை 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதன் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கவுன்சிலுடையதையும், உங்களுக்கு ஒதுக்கப்படும் முகவரகத்துடையதையும் படித்துவிட்டே முதல் சந்திப்புக்குப் போங்கள். அம்மா அப்பா வைத்தியசாலையில் இருந்தால், வீட்டுக்கு விடும் நாள் குறிக்கும் முன்பே விடுதித் தாதியிடம் ரீஏபிள்மென்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள், நீங்கள் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பராமரிப்பவர் என்ற முறையில் தனி மதிப்பீடு கேட்க அதே 2014ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. நான் நான்காம் மாதம்தான் கேட்டேன், முதல் வாரமே கேட்டிருக்கலாம்.

ஆறு வாரச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை. ஒப்படைப்புக்கு ஒன்று, அந்த ஒன்றும் கூட்டத்துக்காக. ஒட்டுநாடா இன்னும் கூடத்துத் தரையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இப்போது விநாடி பார்ப்பது நான். உயரக் கதிரையைக் குசினிக்குத் திருப்பிக் கொண்டுவந்து, காலையில் வருபவர் நகர்த்தாதபடி அதன் முதுகில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறேன். சோதனைப் பகுதியின் முடிவுகளை அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபின் அந்த ஒன்றை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவேன்.